ரேணுகாவுக்கு எதிராக ரேணுகா

ஊரே ஒரு பக்கம் சாய்ந்தபோதும் சாயாமல் நின்றவளைக் கவிழ்க்க, கடைசியில் அவளையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள் பாவிகள்.

மேல்கல்லேரி கல்யாண மண்டபத்தின் மேடையில், மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் இடத்தில், ஆளுயரத் திரை ஒன்று நின்றது. திரைக்குள் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். முழுக்க நரைத்த தலை. இடது புருவத்தின் மேல் பழைய வெட்டுத் தழும்பு. பேசுவதற்கு முன்னால் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்ளும் அந்தத் தோரணையை ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

“ரோட்டைப் போடுங்கய்யா,” என்றாள் கிழவி. “முப்பது வருசம் தள்ளி நின்னு பார்க்கறவ சொல்றன். போட்டுத் தொலைங்க. அதால நான் ஒண்ணும் கெட்டுப் போயிடல.”

பின்வரிசையில் யாரோ விசிலடித்தான். சிரிப்பு மளமளவென்று முன்வரிசை வரைக்கும் வந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ரேணுகாவுக்குக் காது மடல் சுட்டது. புருவத்துத் தழும்பைத் தன்னையறியாமல் தடவிக்கொண்டாள். அவளுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. திரையில் இருந்தவளுக்கு அறுபத்தெட்டு. இரண்டு பேரும் ஒருத்திதான்.

இந்தச் சட்டம் வந்த கதையைச் சொல்லாவிட்டால் அவளுடைய ஆத்திரம் புரியாது. ரோடு, அணை, சுரங்கம் எது வந்தாலும் இன்றைக்கு இருப்பவர்களைத்தானே கூட்டிவைத்துக் கருத்துக் கேட்கிறீர்கள், அதனால் ஏறப்போகும் வெயிலில் வேகப்போகிறவர்களை யார் கேட்பது என்று நாடு முழுக்க ஜனங்கள் தெருவில் இறங்கிய ஒரு காலம் இருந்தது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரேணுகாவும் சென்னைக்குப் போய்ச் சாலையில் உட்கார்ந்தாள், அடி வாங்கினாள். புருவத்துத் தழும்பு அங்கே கிடைத்ததுதான். கடைசியில் வருங்கால சாட்சிச் சட்டம் வந்தது. எந்தப் புது ரோடு போடுவதாக இருந்தாலும் முப்பது வருடத்துக்குப் பிறகு அங்கே வாழப்போகும் ஒருவரின் வாக்குமூலத்தைக் கேட்டே ஆக வேண்டும்.

ஊர் தனக்குள் ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்கும். அந்த ஆளோடு ஒரு கருவி மாதக்கணக்கில் கூடவே இருந்து பேச்சு, நடை, நோய், சிரிப்பு, சண்டை எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளும். அப்புறம் அந்த ஆளை, வரப்போகும் ரோட்டோடும் வெயிலோடும் மழையோடும் சேர்த்துக் கணக்கில் போட்டு முப்பது வருடம் வளர்த்துவிடும். வளர்ந்தவர் திரையில் வந்து பேசுவார். பேசி முடித்ததும் உயிரோடு இருப்பவர் எழுந்து, “இது என் வாக்கு” என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றுக்கொண்டால்தான் சாட்சியம் செல்லும்.

மேல்கல்லேரி யாரைத் தேர்ந்தெடுக்கும்? “ரேணுகாவை வெலைக்கு வாங்கறவன் இன்னும் பொறக்கல,” என்றார்கள், ரோடு வேண்டும் என்றவர்கள்கூட. அவளும் அப்படித்தான் நினைத்தாள். அதிகாரியை நம்பாதவள், வக்கீலை நம்பாதவள், கட்டின புருசனையே நம்பாதவள், தன்னை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள். சிக்கினாள்.

வரப்போவது எட்டு வழி விரைவுச்சாலை. சென்னைக்குப் போக ஏற்கனவே இரண்டு ரோடு இருக்கிறது. மூன்றாவதற்காகப் பெரிய ஏரியை நடுவில் இரண்டாகப் பிளந்து மண் கொட்டப்போகிறார்கள். ஜல்லிக்காகப் பக்கத்துக் குன்றில் பாதியை உடைக்கப்போகிறார்கள். விரைவுச்சாலை வாரியம் இதற்கு வைத்த பெயர் பசுமைப் பாதை. மின்சார வண்டிதான் ஓடுமாம், புகையே வராதாம். பசுமை என்று பெயர் வைத்துவிட்டால் தார் குளிர்ந்துவிடும் என்று நினைக்கிற மேதாவிகள்.

“குன்றை வெடிக்கற புகை எந்தக் கணக்கு? சிமெண்டு வேகற புகை எந்தக் கணக்கு?” என்று ரேணுகா ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று கேட்பாள். “நெரிசல்னு சொல்லி ரெண்டு வழிய நாலாக்கினீங்க. வண்டி கொறஞ்சுதா? இன்னும் நாலு பங்காச்சு. இப்ப எட்டு கேக்கறீங்க. எட்டு ரொம்பினா பதினாறு கேப்பீங்க. வெயில் ஏறிக்கினே போவுது, நீங்க அதுக்கு அடுப்பு கட்டறீங்க.”

அவள் சும்மா வாய் வீசவில்லை. ஊர்க் குளிர்க்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். அந்தப் பக்கத்து ஊர்களில் சித்திரை பிறந்துவிட்டால் பகலில் வீட்டுக்குள் இருக்க முடியாது. கைப்பிள்ளைக்காரிகளும் வயசானவர்களும் ஏரிக்கரைக் கூடத்தில் வந்து படுத்துக் கிடப்பார்கள். குளிர் இயந்திரத்துக்குக் கரண்டு பாதி நேரம் இருக்காது. இல்லாத நேரத்தில் ஏரிக்காற்றுதான் அவர்களை உயிரோடு வைத்திருந்தது. ஈரத்துணியும் கையுமாக அவர்கள் நடுவில் நடந்தவளுக்கு ஏரி இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று யாரும் வரைபடம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

புருசன் தினகரனுக்கு வேறு கனவு. ரோட்டோரம் வண்டிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் நிலையம் வைக்க வேண்டும். இவள் எதிர்க்க ஆரம்பித்ததிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. நடுவில் மகள் தன்விகா தூது. “உங்கம்மாகிட்ட சொல்லு, சாம்பார்ல உப்பு இல்லன்னு.” “உங்கப்பாகிட்ட சொல்லு, டப்பா அடுப்பாண்டதான் கீது, எடுத்துப் போட்டுக்கச் சொல்லு.” ஒன்பது வயதுப் பிள்ளை இரண்டையும் கேட்டுக்கொண்டு யாருக்கும் எதையும் சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

மேடையில் வாரியத்து வக்கீல் கிழவியிடம் இன்னும் விவரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இப்போ எங்கே வசிக்கிறீங்கம்மா?”

“மலை மேல. ஜவ்வாது மலைல வாரியமே குடியிருப்பு கட்டிக் குடுத்துச்சு. காத்து நல்லா வருது. லிப்டுதான் ஓடாது. முட்டிவலியோட மாடி ஏறறன். ரேசன் அரிசில பாதி கல்லு. எழுதிப் போட்டா ஒருத்தன் பதில் சொல்றதில்ல.”

“அதாவது, சாலையால உங்களுக்குப் பயன் இருந்தது—”

“நடுவுல பேசாத! நான் முடிக்கறதுக்குள்ள உனக்கு இன்னா அவசரம்?”

மண்டபம் குலுங்கியது. இதைவிடச் சான்று வேண்டுமா? சாட்சாத் ரேணுகா. வக்கீலுக்கும் சிரிப்பு. திட்டு வாங்கினாலும் வழக்கு ஜெயிக்கிறதே.

“ரோடு இல்லன்னா அந்த வெக்கைல எப்படி மலைக்கு ஏறியிருப்பன்?” என்று கிழவி முடித்தாள். “எட்டு வழி இருந்துச்சு. வந்தன். பொழச்சன். அவ்ளோதான்.”

விசாரணை நடுவர் பெனடிக்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சாப்பாட்டுக்குப் பிறகு ரேணுகா சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம், அதன் பின் வாக்கை ஏற்பதா இல்லையா என்று சொல்லலாம் என்று அறிவித்துவிட்டு எழுந்தார்.

புளிசாதப் பொட்டலம் கொடுத்தார்கள். ரேணுகாவைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டம் கூடிவிட்டது. “எல்லாருக்கும் வழிய அடைச்சுட்டு நீ மட்டும் மலை மேல ஏறி ஒக்காந்துக்கினியா?” என்றாள் ஒருத்தி. “ஒரு தலையாட்டு தலையாட்டினா முடிஞ்சுபோச்சு, எங்களையும் எதுக்கு வெயில்ல காய வைக்கற?” என்றான் இன்னொருவன். தினகரன் மாதக்கணக்குக்குப் பிறகு நேரடியாக வாயைத் திறந்தான்.

“நீயே சொல்லிட்ட. நானா சொன்னன்? அறுவத்தெட்டு வயசுல நல்லா இருக்கற. இன்னும் இன்னாதான் வேணும் உனக்கு?”

உண்மையைச் சொன்னால், அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. திட்டு, வெயில், கூட்டம், மறுபடி திட்டு. தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டால் என்ன என்று முதல் தடவையாகத் தோன்றியது. அப்படித் தோன்றியதில் அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. பொட்டலத்தைப் பிரிக்காமல் தன்விகாவிடம் கொடுத்துவிட்டு மண்டபத்தின் பின்பக்கம் போனாள்.

அங்கே ஒரு வேன் உறுமிக்கொண்டு நின்றது. அதற்குள் ஓடிய கருவியில்தான் கிழவி இருந்தாள். வேன் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த இளைஞன் பிரணவ், கணக்கு ஓட்டும் பொறியாளன். அவளைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்தான்.

“தம்பி, அது நான்தானா?”

“நூத்துக்கு நூறு மேடம். உங்களுக்கே தெரியாத பழக்கம் எல்லாம் அதுல இருக்கு. இவ்வளவு சுத்தமா ஒரு சாட்சி எங்களுக்கு இதுவரைக்கும் அமைஞ்சதே இல்ல.”

“அது பொய் சொல்லுமா?”

அவன் சிரித்தான். “கணக்கு எப்படி மேடம் பொய் சொல்லும்?”

“ஒரே தடவதான் என்னை வளத்தீங்களா?”

“இல்லயில்ல. நிறைய தடவை ஓட்டுவோம். ஒரு வருஷம் மழை முன்னப் பின்ன ஆனாலே ஒரு ஆளோட வாழ்க்கை மாறிடும்ல? எல்லாத்தையும் ஓட்டிட்டு ஒண்ணைத் தேர்ந்தெடுப்போம்.”

“எத?”

பிரணவ் பொட்டலத்தைப் பார்த்தான். “சாட்சி சொல்றதுக்கு ஆள் உயிரோட இருக்கணும்ல மேடம்.”

“மத்ததுல நான் உயிரோட இல்லையா?”

“பாதிக்கு மேல… சாட்சி கிடைக்கல.”

“சாட்சி கெடைக்கலயா? செத்துட்டன்னு சொல்லுடா!”

அவன் வாயில் சோறு நின்றுவிட்டது. “நடைமுறைல அப்படித்தான் எழுதுவோம் மேடம்.”

“ரோடு போடாத கணக்கு எங்க? அதுல நான் எப்படி இருக்கன்?”

“அதை வாரியம் கேக்கல. அமையப்போற சாலையை வெச்சு ஓட்டணும்னுதான் சட்டத்துல இருக்கு. அமையாத சாலைக்கு யாரும் ஓட்டினதே இல்ல. ஒரு கூட்டம் முடிஞ்சதும் எல்லாத்தையும் அழிச்சிடவும் செய்வோம்.”

ரேணுகா வேன் கதவில் ஓங்கி ஓர் அறை விட்டாள். கை காந்தியது. அடி வாங்கி, ரத்தம் சிந்தி வாங்கின சட்டம். அதில் ஓட்டை இருக்கிறதா என்று அன்றைக்கு ஒருத்தருக்கும் பார்க்கத் தோன்றவில்லை. செத்தவர்களை எல்லாம் ஒதுக்கித் தள்ளிவிட்டு, பிழைத்த ஒருத்தியை மட்டும் தேடிப் பிடித்து நிறுத்தி, நல்லா இருக்கியாம்மா என்று கேட்டால் வேறென்ன சொல்வாள்? இப்படித்தான் எத்தனை ஊரில் எத்தனை ரோடு போட்டிருக்கிறார்களோ!

கூட்டம் மறுபடி கூடியதும் முதல் வேலையாக அதைத்தான் நடுவரிடம் சொன்னாள். சத்தம் போட்டுத்தான் சொன்னாள். வக்கீல் எழுந்து, எல்லாம் அங்கீகரிக்கப்பட்ட நடைமுறை என்றார். பெனடிக்ட் மோசமான மனிதர் இல்லை. ஆனால் சட்டம் வரைக்கும்தான் அவருடைய கை நீளும்.

“நடைமுறைல தப்பு இருக்கலாம்மா. இங்கே உட்கார்ந்து நான் அதை மாத்த முடியாது. சாட்சி எதிர்ல இருக்கு. உங்களுக்கு என்ன கேக்கணுமோ கேளுங்க.”

ரேணுகா மேடையேறினாள். கிழவியை நீ என்பதா, நீங்க என்பதா என்று ஒரு நொடி குழம்பி நின்றாள்.

“வாடி,” என்றாள் கிழவி. “கேட்டுத் தொலை.”

“ஏரி இன்னா ஆச்சு?”

“இன்னா ஆவும்? ரோட்டுக்கு அத்தாண்ட பாதி காஞ்சுபோச்சு, பிளாட் போட்டுட்டானுங்க. இத்தாண்ட பாதி சாக்கடை. மூக்க மூடிக்கினுதான் போவணும்.”

மண்டபத்தில் சலசலப்பு. ஏரிக்கரையில் கழனி வைத்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“குளிர்க்கூடம்?”

“மூடிட்டாங்க. அங்க எவன் படுப்பான்? அனல் அடிக்குது. காத்து வந்த வழியில ரோட்டு மேடுதான் நிக்குது.”

“அப்ப இவங்கல்லாம் எங்க?” என்று ரேணுகா கூட்டத்தைக் காட்டினாள்.

“மலை மேல எடம் எத்தினி பேருக்கு இருக்கும்? கெடைச்சவங்க வந்தாங்க. மத்தவங்க எங்கெங்கயோ போனாங்க. நான் இன்னா கூட்டியாந்து கஞ்சி ஊத்தவா முடியும்?”

கேள்விக்கும் வழக்குக்கும் சம்பந்தம் இல்லை என்றார் வக்கீல். சம்பந்தம் இருப்பதாகத் தெரிகிறது என்றார் நடுவர். பின்வரிசை விசில் நின்றுபோயிருந்தது.

“உங்க ஊட்டுக்காரரு?” இந்தத் தடவை அவளையறியாமல் மரியாதை வந்துவிட்டது.

“போய்ச் சேந்துட்டாரு. சார்ஜ் நெலையம் வெச்சாரு. கொஞ்ச நாள் நல்லா ஓடிச்சு. அப்புறம் எதிர்லயே பெரிய கம்பெனிக்காரன் வந்து ஒக்காந்தான். அதுலயே மனசு ஒடிஞ்சு மாரடைப்பு. சொன்னன், கேட்டாதானே மனுசன்!”

எல்லாத் தலையும் தினகரன் பக்கம் திரும்பியது. அவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“தன்வி எப்படி இருக்கா?”

“நல்லா இருக்கா கண்ணு.”

கூட்டம் மூச்சு விட்டது. நாலு பேர், அப்பாடா, பிள்ளையாவது நல்லா இருக்கிறதே என்று சொன்னது கேட்டது. ரேணுகா மட்டும் அந்தக் கடைசிச் சொல்லில் நின்றுவிட்டாள்.

ரேணுகா யாரையும் கண்ணு என்று கூப்பிடுகிறவள் இல்லை. உண்மையைத் திட்டோடு சேர்த்துத்தான் அவளுக்குச் சொல்ல வரும். பாசம்கூட அவளிடம் வசவாகத்தான் வெளியே வரும். வாழ்க்கையில் எண்ணி ஒன்றிரண்டு தடவைதான் அந்தச் சொல் அவள் வாயில் வந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் அவளுடைய அம்மாவுக்கு இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, “ஒண்ணுமில்ல கண்ணு, நாளைக்கு ஊட்டுக்குப் போயிடலாம்,” என்றாள். அவ்வளவு இனிப்பாக அவள் பேசியதே இல்லை. அவ்வளவு பெரிய பொய்யும் சொன்னதில்லை.

கணக்கு பொய் சொல்லாதாம். மடையர்கள். அவளை அச்சு அசலாக வளர்த்தவர்கள், அவளுடைய பொய்யையும் சேர்த்துத்தானே வளர்த்திருப்பார்கள்.

“தன்வி தலைல கை வெச்சு சொல்லு,” என்றாள் ரேணுகா.

கிழவி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“சத்தியம் பண்ணு. உன் பொண்ணு தலைல அடிச்சு, அவ நல்லா இருக்கான்னு சொல்லு. அப்புறம் நான் ஒரு கேள்வியும் கேக்கல. எறங்கிப் போயிடறன்.”

வக்கீல் எழுந்தார். இதென்ன கோயில் பஞ்சாயத்தா, இந்த மாதிரிச் சத்தியத்துக்கெல்லாம் சட்டத்தில் இடம் கிடையாது என்றார். மண்டபத்தில் அவரை யாரும் சட்டை செய்யவில்லை. பெற்ற பிள்ளையின் தலையில் அடித்துப் பொய்ச் சத்தியம் செய்தால் அந்தப் பிள்ளைக்கு ஆகாது என்பது அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். எப்பேர்ப்பட்ட புளுகனும் அந்த இடத்தில் கையை இழுத்துக்கொள்வான்.

திரைக்குள் கிழவியின் வலது கை மடியிலிருந்து மெதுவாக எழுந்தது. பக்கத்தில் ஒரு பிள்ளை நின்றால் தலை எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்துக்கு வந்து, வெறும் காற்றில் நின்றது.

“தலை இருந்தா வெக்க மாட்டனாடி?” என்றாள் கிழவி.

நடுவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“காலேஜி கடைசி வருசம்,” என்றாள் கிழவி. இப்போது குரலில் இனிப்பு இல்லை. “வெக்கை அறிவிப்பு வந்துச்சு. எல்லாரும் மலைக்கு ஓடுங்கன்னான். எட்டு வழியையும் ஒரே பக்கமா தெறந்து வுட்டாங்க. எட்டுலயும் வண்டி. கண்ணுக்கு எட்ன தூரத்துக்கு வண்டி. ஒண்ணும் நவுரல. ஏசி போட்டுப் போட்டே எல்லா வண்டிக்கும் பேட்டரி செத்துச்சு. உள்ள இருந்தா வேவுது. கதவத் தொறந்தா அனலு. தார்ல கால வெக்க முடியல. ஒதுங்கறதுக்கு ஒரு மரம் இல்ல. எல்லாத்தையும்தான் வெட்டிட்டீங்களேடா! எம்மா, தண்ணின்னா. பாட்டல்ல தண்ணி கொதிக்குது. அதையும் குடுத்தன். என் மடிலதான் படுத்துக்கினு இருந்தா. அப்புறம் எவனோ வந்து கண்ணாடிய ஒடைச்சு என்னை மட்டும் தூக்கினு போனான். நான் பொழச்சன். அதனாலதான் சாட்சி.”

ரேணுகா அலறினாள்.

“அப்ப ஏண்டி காலைல போடச் சொன்ன? பெத்தவதானேடி நீ!”

“கத்தாத. நீ நெனைக்காததையா நான் பண்ணிட்டன்?” கிழவியும் கத்தினாள். “என் கூட்டத்துலயும் ஒருத்தி இதே மாதிரி திரைல வந்தா. இதே மண்டபம். நானும் கேட்டன், தன்வி எப்படி இருக்கான்னு. நல்லா இருக்கா கண்ணுன்னா.”

“உனக்குத் தெரியலையா?”

“எனக்கா தெரியாது? நல்லாத் தெரிஞ்சுது. தெரிஞ்சுக்கினே தலையாட்டினன். ஊரே காறித் துப்புது. புருசன் பேச மாட்றான். வெயிலு. அலுப்பு. இத நம்பிட்டா ஊட்டுக்குப் போயிடலாம்னு இருந்துச்சு. எழுந்து நின்னு, இது என் வாக்குன்னு சொல்லிட்டு, போய்ப் படுத்துத் தூங்கினன். இன்னிக்கு ரோடு வேணாம்னு சொன்னா, அன்னிக்கு வேணும்னு சொல்லி அவளக் கொன்னது நான்னு ஆயிடாதா? அத எப்படிடி என் வாயால சொல்லுவன்?”

வக்கீல் சுதாரித்துக்கொண்டார். அதுதானே அவருக்குச் சம்பளம். சாட்சி உணர்ச்சிவசப்பட்டு நிலை தடுமாறிவிட்டதால் மதியம் பேசியதை நீக்கிவிட வேண்டும், காலையில் தெளிவாகச் சொன்னதை மட்டும் பதிவில் வைக்க வேண்டும் என்றார். ஒரு மூச்சில், இடறாமல், அவ்வளவையும் சொன்னார்.

நடுவர் அவரைப் பார்க்கவில்லை. ரேணுகாவைப் பார்த்தார். “நான் கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்மா. காலையில சாட்சி சொன்னதை உங்க வாக்கா ஏத்துக்கறீங்களா?”

“தன்வி! இங்க வாடி,” என்று ரேணுகா கூப்பிட்டாள்.

பிள்ளை எங்கோ நடுவரிசையில், புளிசாதக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, எழுவதா வேண்டாமா என்று விழித்தது. நாற்காலிகள் நெருக்கியடித்து வழியே இல்லை. தினகரன் எழுந்தான். ஒன்றும் பேசாமல் மகளைத் தூக்கி, உட்கார்ந்திருந்தவர்களின் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, மேடை விளிம்பில் இறக்கிவிட்டான். இறக்கிய பிறகும் அவள் காலைப் பிடித்திருந்த கையை அவன் உடனே எடுக்கவில்லை.

ரேணுகா மகளைத் தன் பக்கத்தில் இழுத்து நிறுத்தி, தலையில் ஓங்கிக் கையை வைத்தாள்.

“காலைல அவ சொன்னது பொய். மத்தியானம் சொன்னதுதான் என் வாக்கு. என் பொண்ணு மேல சத்தியமா சொல்றன், இந்த ரோடு வேணாம். ரோடு இல்லன்னா நாங்க எப்படி இருப்போம்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்க உங்களுக்கு மிசின் இருந்துச்சு, நீங்க பாக்கல. பயம். செத்துப்போன என்னையெல்லாம் சாட்சி கெடைக்கலன்னு எழுதிட்டுப் புளிசாதம் துன்னீங்க. உங்க ரோட்டுல உங்க புள்ளைங்களும் வண்டில போவும்டா. அதுங்களுக்கும் தண்ணி கொதிக்கும்.”

கூட்டத்தில் ஒருவரும் கை தட்டவில்லை. காலையில் விசிலடித்தவன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

சாட்சியத்தை உரியவர் மறுத்ததால் அது செல்லாது என்று பெனடிக்ட் அறிவித்தார். சாலை இல்லாத கணக்கையும், சாட்சி கிடைக்காமல் போன கணக்குகள் அத்தனையையும் வாரியம் கொண்டுவந்து பொதுவில் வைக்கும் வரை மேல்கல்லேரியில் ஒரு கூடை மண்கூட அள்ளக்கூடாது என்றார். மேல்முறையீட்டுக்குப் போவோம் என்றார் வக்கீல். போவார்கள். போகாமல் இருப்பார்களா? இந்த ஊர் இல்லையென்றால் அடுத்த ஊர் என்று அவர்கள் வண்டி நிற்காது. வக்கீல் கோப்பை மூடிக்கொண்டே பிரணவுக்குச் சைகை காட்டினார். கூட்டம் முடிந்தது, அழித்துவிடு என்ற சைகை.

திரையில் கிழவி அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. அவள் பார்வை ரேணுகாவின் கைக்குக் கீழே இருந்தது.

“தலை வாரலையாடி இவளுக்கு?” என்றாள்.

“வாரினன். ஆடித் தொலைச்சுட்டு வந்து நிக்கிறா.”

“வேர்த்திருக்கா?”

“நனைஞ்சு கெடக்குது. எண்ணெய்ப் பிசுக்கு வேற. ரெண்டு நாளா தலைக்கு ஊத்த விட மாட்றா கழுத.”

“அப்படித்தான் பண்ணுவா,” என்றாள் கிழவி. “கைய எடுக்காத. கொஞ்ச நேரம் அப்படியே வெச்சிரு.”

தன்விகா அம்மாவை அண்ணாந்து பார்த்தாள். “யாரும்மா அவங்க? ஏன் என்னையே பாக்கறாங்க?”

மேடையின் ஓரத்தில், திரையின் இணைப்புப் பெட்டிப் பக்கம், பிரணவ் குனிந்துகொண்டிருந்தான்.

“எவனாவது சுவிட்சுல கை வெச்சீங்க, வெச்ச கைய ஒடிச்சுப் போட்ருவன்,” என்றாள் ரேணுகா. “அவ பாக்கட்டும்.”

பிரணவ் கையை எடுத்துக்கொண்டான்.